பிள்ளையை மக்கு என்காதே! படிக்கக் கற்றுக்கொடு!

பெற்றோர்களே,

மூன்றாம் வகுப்பு முடிந்தும் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையா? ஆசிரியர் "கவனம் இல்லை" என்பார். சொந்தக்காரர்கள் "மக்கு" என்பார்கள். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் ஜொகூர் அப்பா, "நான் வீட்டில் இல்லாததால்தான்" என்று தன்னையே நொந்துகொள்வார். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை!

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அல்ல. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் உள்ள சிரமம். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் ஊமையாகிவிடும்.

இதற்குச் சிலர் சுலபமான மருந்து விற்கிறார்கள். "இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள், கற்றல் பாணியைக் கண்டுபிடித்தால் போதும்" என்கிறார்கள். 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். பாணி பார்த்துப் பாடம் நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இந்தப் பிள்ளைக்குத் தேவை முத்திரை அல்ல. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பயிற்சி பெற்ற ஆசிரியர்!

அதுவும் தமிழில் வேண்டும். "கெ" என்பதில் பின்னால் ஒலிக்கும் எகரம் எழுத்தில் முன்னால் நிற்கிறது. ல, ள, ழ. ன, ண, ந என்று குழப்பங்கள் வேறு. மலாய் மொழிச் சோதனை இதை எப்படிக் காட்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, பிரிவு 28: குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது, கற்பிக்கும் முறையிலும் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு நடந்த தவற்றுக்கு அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று எழுதப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது இதுதான்!

கனடாவைப் பாருங்கள். டிஸ்லெக்சியா உள்ள மாணவனுக்கு உதவும் மையத்தைப் பணமில்லை என்று ஒரு கல்வி வட்டாரம் மூடியது. குடும்பம் வழக்குப் போட்டது. 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எப்படியோ, அந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி அப்படி என்றது.

நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பரிசளிப்பு விழாவில் மாலை வாங்கும் தலைவர்களே, தமிழில் டிஸ்லெக்சியா சோதனை எங்கே? பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே?

பெற்றோர்கள் செய்ய வேண்டியது:

1. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

2. அரசாங்க மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

3. சமூகநலத் துறையில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிய வெட்கப்படாதீர்கள்.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தனியாக அல்ல, பத்துப் பேராக எழுந்து கேளுங்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல. உரிமை!