இல்லமும் நலமும்: வெந்நீர் வலிப்பு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, தணிந்த குரலில் ஒரு சங்கதி கேட்டார். அவருடைய பேரனுக்கு வயது எட்டு. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு வெந்நீர் ஊற்றும்பொழுது, பையன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்க்கிறானாம். பொருளின்றி ஏதோ முணுமுணுக்கிறானாம். இரண்டு முறை கைகால் இழுத்து விழுந்தும் விட்டான். மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஓடி விளையாடுகிறான், நன்றாகப் படிக்கிறான். "குளியலறையில் ஏதோ இருக்கிறது" என்று பாட்டியம்மாள் சொல்ல, வாசற்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாயிற்று. அக்கம்பக்கத்தாருக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது என்பது வீட்டாரின் தீர்மானம்.

குளியலறையில் இருப்பது வெந்நீர்தான் என்று அவருக்குச் சொன்னேன். அவர் நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார். ஆகவே இம்மாதம் இப்பகுதியை இந்த விஷயத்திற்கே ஒதுக்குகிறேன்.

'வெந்நீர் வலிப்பு' என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கும் ஒரு நோய் உண்டு. 1945-ஆம் ஆண்டில் நியூஜீலாந்து நாட்டில் ஆலன் என்ற மருத்துவர் ஒரு சிறுவனிடம் இதைக் கண்டு எழுதினார். பல ஆண்டுகள் வரை அது ஓர் அபூர்வ விந்தையாகவே கருதப்பட்டது. ஆனால் பெங்களூரின் நரம்பியல் நிபுணர் டாக்டர் கே. எஸ். மணி, 1960-களின் இறுதியிலிருந்து இத்தகைய நோயாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கண்டு வெளியிட்டபோதுதான், நம்முடைய இந்தச் சீமையில் இது விந்தையே அன்று என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1988-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து டாக்டர் சதீஷ்சந்திராவும் அவருடைய சகாக்களும் 279 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். மைசூர், பெங்களூர் முதலான தென் கர்நாடகப் பகுதிகளில் இந்நோய் காணப்படும் அளவுக்கு வேறெங்கும் காணப்படுவதில்லை. துருக்கியில் ஓரளவு உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு.

ஏன் இங்கே? நம் குளியல் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாளோ பதினைந்து நாளைக்கு ஒரு நாளோ தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம். அன்று நீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போக வேண்டாமா? 40 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு வரை சூடுள்ள நீரைச் சொம்பு சொம்பாக, மூச்சு விட இடமின்றி உச்சந்தலையில் கொட்டுகிறோம். உடலின் இயல்பான சூடோ 37 டிகிரிதான். நம்முடைய எண்ணெய்க் குளியலை நாம் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோம். இங்கே வந்து பார்த்தால், கன்னட நண்பர்களின் வீடுகளில் குளிக்கும் அறையிலேயே அடுப்பு கட்டி, அதன் மேல் 'ஹண்டே' என்னும் செப்பு அண்டாவைப் பதித்து வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்திய மாலையில் அந்த ஹண்டேயைத் துலக்கிப் பூச்சூட்டி நீர் நிரப்புவதற்கென்றே 'நீரு தும்புவ ஹப்பா' என்று ஒரு பண்டிகை! வெந்நீரின் மீது பக்தி கொண்ட இரு கூட்டத்தார் ஒன்றுசேர்ந்தோம் என்று சொல்லலாம்.

எனினும், வெந்நீரில் குளிப்பவர் எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லையே. வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வதால் நேர்வது. சிலருடைய மூளை, தலையில் திடீரென ஏறும் வெப்பத்தைத் தாங்கிச் சமன் செய்ய இயலாமல் இவ்வாறு கட்டவிழ்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் கவனித்திருக்கிறார்கள். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானி அனுரஞ்சன் ஆனந்தும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் இத்தகைய குடும்பங்களின் இரத்தத்தைச் சோதித்து, 4-ஆம், 10-ஆம் குரோமோசோம்களில் இதற்குத் தொடர்புள்ள இடங்கள் இருப்பதைக் கண்டார்கள். 2017-ல், நரம்பணுக்களிடையே குளூட்டமேட் என்னும் பொருளைக் கையாளும் ஒரு மரபணுவில் சில நோயாளிகளுக்கு மாற்றம் இருப்பதையும் வெளியிட்டார்கள். ஆராய்ச்சி இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் பேய் பிசாசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது வரையில் ஐயத்துக்கு இடமில்லை.

பெரும்பாலும் சிறு வயதில், பெண்களைவிட ஆண் குழந்தைகளிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாய்மார்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. இந்நோயுள்ள சிலருக்கு வெந்நீர் தலையில் விழும்போது ஒருவகைச் சுகம் தோன்றுகிறது. அதை நாடி, போதும் என்றாலும் கேளாமல் மேலும் மேலும் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள், நினைவு தப்பும் வரையில். "எத்தனை நேரம் குளிப்பாய், வெளியே வா" என்று கதவைத் தட்டி வைகிறோம். அந்தப் பிள்ளையிடம் பிடிவாதமும் இல்லை, துர்ப்பழக்கமும் இல்லை. அதுவும் நோயின் ஒரு கூறுதான்.

சிகிச்சையின் முதற்பகுதி மருந்துக் கடைக்குப் போகாமலே கிடைப்பது. நீரின் சூட்டைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரைத் தலைக்கு மெதுவாக ஊற்றினால் பலருக்கு வலிப்பு வருவதே இல்லை. அதிலும் அடங்காதவர்களுக்கு, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாகக் குளோபஸம் என்ற மாத்திரையைக் கொடுக்கும் முறை உண்டு. 2003-ல் தமிழ்நாட்டு மருத்துவர்களும் இதன் பயனை எழுதியிருக்கிறார்கள். அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை நம் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர் வரையில், நாளடைவில் வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்கக்கூடும். அவர்கள் நாள்தோறும் மருந்து உண்ண வேண்டியிருக்கும். ஆகவேதான் நீரை ஆற்றிவிட்டோம் என்று வாளாவிராமல், ஒரு முறையேனும் நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

சாதாரண வலிப்பைப் பற்றியும் நம் பக்கத்திலேயே ஒரு பெரிய பணி நடந்திருக்கிறது. பிளிகிரிரங்கன் மலையடிவாரத்து யளந்தூர், இன்று சாமராஜநகர் ஜில்லாவில் அடங்கியது. 1997 வரை மைசூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அங்கே 1990, 1991 ஆண்டுகளில் டாக்டர் மணியின் குழுவினர் வீடு வீடாகச் சென்று சுமார் 65,000 மக்களைக் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. பினோபார்பிட்டோன், பெனிடாய்ன் என்னும் இரண்டு மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே கிராமத்தாருக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை அளித்து, நல்ல பலன் கண்டு, 2001-ல் லண்டனின் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். வலிப்புகள் பலமுறை வந்து முற்றுவதற்கு முன் மருந்து தொடங்கியவர்களுக்கே பயன் மிகுதி. ஒளித்து வைத்துக் கழிக்கும் ஆண்டுகளின் விலை என்னவென்று இதிலிருந்து தெரிகிறது.

ஒளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிற்காலத்துக் கல்யாணப் பேச்சு என்பதை நான் அறியாதவனல்லன். இந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு நோயை ஒரு தடையாக வைத்திருந்த சொற்கள் 1999-ல் திருத்தச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டன. சட்டம் விட்டுவிட்டதை நம்மவர் இன்னும் விடவில்லை.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தையும் இரும்பையும் தேடி ஓட வேண்டாம். கொதிநீரை எட்ட நகர்த்திவிட்டு, பிள்ளையை ஈரத் தரையில் அடிபடாமல் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ நீரோ எதையும் நுழைக்காதீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமல் மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். இத்தகையவர்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமலிருக்கட்டும்; ஆற்றிலும் குளத்திலும் தனியே இறங்க வேண்டாம்.

அந்த நண்பரிடம், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எந்தெந்தத் தேதியில் வந்தது, நீர் எவ்வளவு சூடு, எத்தனையாவது சொம்பில், எத்தனை நிமிஷம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லும்படி கூறினேன். இ.இ.ஜி. படம் பலருக்கு இயல்பாகவே இருக்கும். நோயைக் காட்டிக் கொடுப்பது வீட்டாரின் வாய்மொழிதான். பாட்டியம்மாளையும் உடன் அழைத்துப் போகச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியவர் அவர்தானே.