கைத்திறனைச் சோதிக்கட்டும், கைகட்டி நிற்பதை அல்ல

ஒரு வெல்டருக்கு வேலை தெரியுமா என்பதை அறிய இரண்டு இரும்புத் தகடுகள் போதும். விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, இணைத்துப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். பற்றவைத்த இடத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விட்டதா இல்லையா என்பதே தீர்ப்பு. ஃபிட்டர் என்றால், அவர் அரம் கொண்டு இராவிய துண்டின் அளவை வெர்னியர் காலிப்பர் சொல்லிவிடும். தந்தை என்ன தொழில் செய்கிறார், எந்த ஊரில் எந்தத் தெரு, திருமணம் ஆகிவிட்டதா, முன்பு வேலை செய்த ஆலையில் சங்கம் இருந்ததா என்றெல்லாம் கேட்பவர் தேடுவது திறனை அல்ல. எதிர்த்துப் பேசாத உழைப்பாளியை.

பாகுபாடு கற்பனையல்ல. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பட்டதாரிகளுக்கான தனியார் வேலைகளுக்கு ஒரே தகுதியுடன் வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயர்களைவிடக் குறைவாக இருந்தது. அங்கே பெயர் மட்டுமே தடையாயிற்று. முகமும் முகவரியும் தெரியும் ஆலை வாயிலில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டனர் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகே ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தும் இதுதான் நிலை.

கீழ்நிலை அரசுப் பணிகளுக்கு நேர்காணல் கூடாது என்று பிரதமர் 2015 சுதந்திர தின உரையில் பேசினார். 2016 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணல் நீக்கப்பட்டது. திறன் தேர்வு தேவைப்படும் இடங்களில் அது தொடர்ந்தது. பரிந்துரைக்கும் கையூட்டுக்கும் இடம் கொடுத்த ஒரு வாயில் அடைக்கப்பட்டதை நாம் எதிர்க்கவில்லை. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்மையே.

ஆனால் நேர்காணல் போன கையோடு வேலை வந்ததா? ரயில்வே 2018இல் உதவி லோகோ பைலட், டெக்னீசியன் பணிகளுக்கு 26,502 இடங்களை அறிவித்தது. பின்னர் அதனை 64,000க்கும் மேலாக உயர்த்தியது. விண்ணப்பித்தோரோ 47 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு மார்ச் 20 அன்று, ரயில்வேயின் சொந்தப் பணிமனைகளில் பயிற்சி முடித்த இளைஞர்கள் மும்பையில் மாட்டுங்கா, தாதர் இடையே தண்டவாளத்தில் அமர்ந்தனர். அவர்களுடைய கைத்திறனை ரயில்வே அறியாததல்ல. பயிற்சிக் காலம் முழுவதும் பார்த்ததுதான். அப்படியிருந்தும் நிரந்தர வேலைக்காக மறியல் செய்ய வேண்டியிருந்தது.

நிரந்தரப் பணியிடம் சுருங்கும்போது ஒப்பந்ததாரரின் வாயில் அகலமாகிறது. அரசு ஒழித்த நேர்காணல் அங்கே, மதிப்பெண்ணும் பதிவேடும் இல்லாமல், மறுப்புக்குக் காரணம் சொல்லும் கடமையும் இல்லாமல், நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடிகிறது. அதைவிடக் கொடியது, அது ஒருமுறையோடு முடிவதில்லை. குறிப்பிட்ட கால வேலைவாய்ப்பை 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. ஒவ்வொரு புதுப்பிப்பும் தொழிலாளிக்கு மறு நேர்காணலே. சங்கக் கூட்டத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும்போதே அடுத்த நேர்காணலின் விடை அவர் மனத்தில் ஓடுகிறது.

பேசிப் பார்க்காமல் ஆளெடுக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மின்பலகையைத் தொடுமுன் என்ன செய்வாய் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்கத்தான் வேண்டும். இணைப்பைத் துண்டித்து, வேறு எவரும் போடாதபடி பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே தொடுவேன் என்பது சரியான விடை. உயிர் காக்கும் இத்தகைய கேள்விக்குச் சரி, தவறு உண்டு, மதிப்பெண் போடலாம். குடும்பப் பின்னணிக்கு என்ன மதிப்பெண்?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். திறன் பணிக்கு ஆளெடுக்கும் எந்த நிறுவனமும், ஒப்பந்ததாரர் உட்பட, செய்முறைத் தேர்வு நடத்த வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவரே மதிப்பிட வேண்டும். மதிப்பெண்ணைத் தேர்வருக்கு எழுத்தில் தர வேண்டும். சாதி, மதம், திருமணம், சங்கம் பற்றிய கேள்விகள் சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் நிரந்தரத் தொழிலாளியே இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கேள்வி உண்டு, தோழர்களே. நாடெங்கும் ஏறத்தாழ 15,000 ஐடிஐக்கள் இயங்குகின்றன. அங்கிருந்து வெளிவரும் இளைஞரை முதலில் சந்திப்பவர் ஒப்பந்ததாரரின் ஆள்பிடிப்பவர். நமது சங்கமோ, அவர் நிரந்தரமான பிறகே பெரும்பாலும் அவரைச் சந்திக்கிறது. பலர் நிரந்தரமாவதே இல்லை. தன்னிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அந்த இளைஞர் முதல் நேர்காணலுக்கு முன்பே நம்மிடமிருந்து அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள ஐடிஐ வாயிலில் அந்தப் பணியைத் தொடங்கட்டும்.