பேசியவர்கள் பெயர்



நான் ஒன்பதாம் வகுப்பு லீடர். டீச்சர் வரும்வரை கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘மிக’ என்று சேர்ப்பேன். இன்னும் பேசினால் ‘மிக மிக’. இந்த வேலையை ரொம்பப் பெருமையாகச் செய்து வந்தேன். என்னிடம் பெயர் வாங்கியவர்கள் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படிக்கவும்.

நாம் அப்படி என்னதான் பேசுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். நாலே விஷயம்தான். சாப்பாடு, டிவி, மழை, வண்டி. ‘உங்க வீட்ல என்ன குழம்பு?’, ‘நேத்து சீரியல் பாத்தியா?’, ‘மழைக்கு லீவு விடுவாங்களா?’, ‘மினி பஸ் ஏன் லேட்டு?’ வீட்டில் பெரியவர்களும் இதையேதான் பேசுகிறார்கள். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வெட்டிப் பேச்சு. வள்ளுவரே ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார் என்று தமிழய்யா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன மாதம் வரைக்கும்.

போன மாதம் ஒரு நாள் பிரேயர் முடிந்து எல்லாரும் வகுப்புக்கு வந்தோம். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ‘சாப்டியாடி?’ என்று கேட்டாள். இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். ‘நிசமா சாப்டியா?’ என்று மறுபடியும் கேட்டாள். ‘மிக’ போட்டேன். ‘ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?’ என்றாள். ‘மிக மிக’ போட்டேன். டீச்சர் வந்து பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பதில் சொன்னவள் மயக்கம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் தெரிந்தது. அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ராத்திரி இருந்த சோற்றைத் தம்பிக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறாள். காலையிலும் ஒன்றும் இல்லை. டீச்சர் ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கிவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். நான் டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்தேன். கை நடுங்கியது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருத்திதான் கேட்டாள். கேட்டவள் பெயரைத்தான் நான் எழுதினேன்.

அவர்கள் இரண்டு பேர் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒரு முறை எழுதியதே போதும்.

அன்றிலிருந்து இந்த நாலு விஷயத்தையும் யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்கிறேன்.

முதலில் சாப்பாடு. காமராசர் காரில் போகும் வழியில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு கிடைக்குமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். ஒவ்வொரு காமராசர் பிறந்த நாளிலும் நாம் மேடையில் கேட்கிற கதை இது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். நாம் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு சாதாரணப் பேச்சு இருக்கிறது. அவர் கேட்டதோடு போய்விடவில்லை, பதிலையும் காதில் வாங்கினார்.

அடுத்தது மழை. நமக்கு மழை என்றால் லீவு. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு அப்படி இல்லை. கோடையில் ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். மறுபடி தண்ணீர் கட்டிக் காயவிட வேண்டும். அத்தனை நாளும் கூலி கிடையாது. ‘மேகம் இறங்குதே’ என்று அவர்கள் சொன்னால் அது பொழுதுபோகாமல் சொல்வது இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. காற்று நின்றதும் கரண்டு இல்லை, போன் இல்லை, டிவி இல்லை. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. எங்கள் அப்பாயி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, ‘எல்லாரும் இருக்கீங்களா? ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத் தெருவில் யாரும் அதை வெட்டிப் பேச்சு என்று சொல்லவில்லை.

மூன்றாவது வண்டி. அப்பா ஒரு பழைய குட்டியானை வைத்துத் தேங்காய் லோடு அடிக்கிறார். அது பாதி நாள் செல்ஃப் எடுக்காது. தெருவே சேர்ந்து தள்ளும். அப்பா டீக்கடையில் உட்கார்ந்து ‘பேட்டரி போச்சு, டயர் தேஞ்சு போச்சு’ என்று பேசிக்கொண்டே இருப்பார். எப்பப் பாத்தாலும் வண்டிக் கதைதானா என்று எனக்கு எரிச்சலாக வரும். இந்த வருடம்தான் புரிந்தது. வண்டி மக்கர் பண்ணுது என்று அப்பா சொன்னால், இந்த மாதம் டியூ கட்டக் காசு இல்லை என்று அர்த்தம். அதை அவரால் நேராகச் சொல்ல முடியாது. வண்டி மேல் போட்டுச் சொல்கிறார்.

நாலாவது டிவி. அப்பாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. டிவியில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் வீட்டுக்கு வந்ததும் ‘அந்தப் பொண்ணு என்ன ஆச்சு தெரியுமா?’ என்று சீரியல் கதையை ஆரம்பிக்கும். ‘தெரியும் அப்பாயி’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். பகல் முழுக்க அது யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதை சொல்வது ஒரு சாக்குதான். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக எப்போதும் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு நடக்கும்போது பின்னால் இருந்து சீரியல் கதை பேசினால் முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் ஏறாது. அதை இனிமேலும் எழுதத்தான் செய்வேன். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தைக் குசுகுசுவென்று பரப்புவது பேச்சே இல்லை, அது புறணி. வள்ளுவர் சொன்னதும் சரிதான். ஆனால் ‘பயனில சொல்லாமை’ இருபதாவது அதிகாரம். அதற்குப் பத்து அதிகாரம் முன்னாடியே ‘இனியவை கூறல்’ வந்துவிடுகிறது. ‘சாப்டியா?’ என்பது எந்த அதிகாரத்தில் சேரும் என்று தமிழய்யாதான் சொல்ல வேண்டும்.

என் கருத்துகள் இவைதான்.

ஒன்று, பாடம் தொடங்கிய பிறகு பேசுபவர் பெயரை மட்டும் எழுதுகிறேன். பிரேயர் முடிந்து டீச்சர் வரும்வரை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். இதற்கு டீச்சர்கள் அனுமதி தர வேண்டுகிறேன்.

இரண்டு, யாரையாவது ‘சாப்டியா?’ என்று கேட்டால் முகத்தைப் பார்த்துக் கேட்போம். ‘ம்’ என்று சொல்பவர்கள் எல்லாரும் சாப்பிட்டவர்கள் இல்லை. சாப்பிடவில்லை என்று தெரிந்தால் டீச்சரிடம் மட்டும் போய்ச் சொல்வோம். வகுப்பு முழுக்கச் சொல்ல வேண்டாம்.

மூன்று, 2022-இல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியபோது, அது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்தத் தோழியின் தம்பிக்குக் காலையில் பள்ளிக்கூடத்திலேயே உப்புமா கிடைத்துவிடுகிறது. அவள் மத்தியானச் சத்துணவு வரைக்கும் காத்திருக்கிறாள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். பசி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை.

மறுநாள் காலையில் நானே அவளிடம் போய் ‘சாப்டியா?’ என்று கேட்டேன். ‘சாப்ட்டேன். என் பேரை எழுத மாட்டியே?’ என்று சிரித்தாள். அவள் அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதை நின்றுகொண்டுதான் படிக்கிறீர்கள். பக்கத்திலும் யாராவது நிற்பார்கள். படித்து முடித்ததும் அவரிடம் ஒரு தடவை கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு லீடர்