நஞ்சுக்கு மருந்தென்று பெயர்

நம் தோட்டப்புறத் தமிழில் களைக்கொல்லி தெளிப்பதற்கு ‘மருந்தடித்தல்’ என்று பெயர். உயிரைக் காப்பது மருந்து. உயிரைப் போக்குவது நஞ்சு. இவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்கிப்போன அவலத்தைத் திருத்த எவரும் முன்வரவில்லை. திருத்துவதால் எவருக்கும் இலாபமில்லை என்பதே அதற்குக் காரணம்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். ஒரு மிடறு உட்சென்றாலே நுரையீரலும் சிறுநீரகமும் சிதையும். அதற்கு முறிமருந்து இல்லை. தோலில் வெடிப்போ புண்ணோ இருப்பின் அதன் வழியாகவும் உடலில் ஏறும். செம்பனைத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் இதனை முதுகில் சுமந்து தெளித்தோருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளின் தாய்மார்கள்.

சட்டம் இல்லையா? இருந்தது. மலேசியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டமும் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 1974ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டன. ஏட்டளவில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லோம். 2002இல் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிப்பதென முடிவு செய்யப்பட்டது. 2006இல் மறுஆய்வு என்ற பெயரில் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடப்புக்கு வந்த நாள் 2020 ஜனவரி 1. முடிவுக்கும் செயலுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன! ஒரு குழந்தை பிறந்து, தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து, இடைநிலைக் கல்வியை முடிக்கும் காலமன்றோ இது?

இத்தாமதத்தை ஞாயப்படுத்துவோர் மூன்று வாதங்களை முன்வைப்பர்.

வளரும் நாடு முதலில் வளரட்டும், தூய்மையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் வாதம். இதற்கு மறுப்பை வெளியே தேட வேண்டியதில்லை; அதே செம்பனைத் தொழிலே மறுப்பாக நிற்கிறது. எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர் ஆறுகளை நாறடித்தபோது, 1977இல் அரசு தனி விதிமுறைகளை வகுத்தது. ஒரு லிட்டர் கழிவுநீரின் உயிர்வளித் தேவை 5,000 மில்லிகிராமைத் தாண்டலாகாது என 1978இல் தொடங்கிய வரம்பு, 1984க்குள் படிப்படியாக 100 மில்லிகிராமுக்குக் குறைக்கப்பட்டது. உரிமக் கட்டணமும் கழிவின் அளவுக்கேற்ப விதிக்கப்பட்டது. தொழில் வீழ்ந்ததா? இல்லை, மேலும் தழைத்தது. ஆற்றுக்காக இறுக்க முடிந்த சட்டத்தை, அதே தோட்டத்து உழைப்பாளியின் நுரையீரலுக்காக இறுக்க முடியாமற் போனதேன்?

முறையோடு பயன்படுத்தினால் தீங்கில்லை, தொழிலாளர்களே கவனக்குறைவாக இருக்கின்றனர் என்பது இரண்டாவது வாதம். கையுறை, முகமூடி, காலணி, தடித்த மேலாடை ஆகியவற்றை அணிந்து, நண்பகல் வெயிலில், மேடு பள்ளங்களில், நிறைந்த தெளிப்பானைச் சுமந்து அரைமணி நேரம் நடந்து பார்த்தபின் இவ்வாதத்தைக் கூறட்டும்! குளிர்நாட்டு அறையில் எழுதப்பட்ட பாதுகாப்புக் குறிப்பு நம் வெப்பநாட்டுத் தோட்டத்திற்குப் பொருந்தாதெனில், குற்றம் தொழிலாளியுடையதா, குறிப்பினுடையதா? இந்நிலத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலாத பொருளை இந்நிலத்தில் விற்க இசைவளித்ததே முதற்பிழை.

மாற்றில்லை, விளைச்சல் குன்றும் என்பது மூன்றாவது வாதம். இலங்கையும் வளரும் நாடுதான். அந்நாடு 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்தது. நஞ்சுண்டு மாண்டோர் தொகை குறைந்தது. விளைச்சல் வீழ்ந்ததற்கான அறிகுறியை ஆய்வாளர்கள் காணவில்லை.

செல்வ நாடுகளின் இரட்டை நாக்கையும் இங்குச் சுட்டியாக வேண்டும். சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் இந்நஞ்சைத் தம் மண்ணிலிருந்து விலக்கின. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் அதற்கிருந்த இசைவை நீக்கியது. ஆயினும் ஐரோப்பாவில் உற்பத்தியாகி ஏழை நாடுகளுக்குக் கப்பலேறுவது அத்துடன் நின்றுவிடவில்லை. தம் உழவனுக்கு ஆகாதது நம் தாய்க்கு ஆகுமா? ஏற்றுமதிக்கு முன் இறக்குமதி நாட்டின் இசைவைக் கோரும் ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் பாராகுவாட் கரைசலைச் சேர்க்கும் முயற்சியை, 2013இல் ஒருசில நாடுகளின் எதிர்ப்பே தடுத்து நிறுத்தியது. தடுத்தவற்றுள் இந்தியாவும் ஒன்று என்பதை வெட்கத்தோடு எழுத வேண்டியுள்ளது.

தடைதான் வந்துவிட்டதே, இனி என்ன என்று அமைவோமாயின் அது பெரும்பிழையாகும். ஒரு நஞ்சு போனால் மற்றொரு களைக்கொல்லி அதே தெளிப்பானில் நிரப்பப்படுகிறது. நம்மவர் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறிவிட்டனர். இன்று அத்தெளிப்பானைச் சுமப்போருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. நம் தாயின் முதுகிலிருந்து இறங்கிய சுமை இன்னொருத்தியின் முதுகில் ஏறியதைக் கண்டு அமைதி கொள்வது தமிழ்ப் பண்பாகாது.

ஆசிரியப் பெருமக்களே! சட்டம் ஏட்டில் பிறக்கிறது. கேட்போர் இருக்கும் இடத்தில்தான் அது உயிர் வாழ்கிறது. புட்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கவும், எங்கே முறையிடுவதென அறியவும், முறையீட்டை ஒரு தாளில் தெளிவாக எழுதவும் நம் மாணவர்க்குக் கற்பிப்போம். கடிதம் எழுதும் பாடத்தில் நண்பனைத் திருவிழாவுக்கு அழைத்தது போதும். அதிகாரிக்கு எழுதும் கடிதமும் பயிற்சியாகட்டும். அதற்கு முன்னதாக, இன்றே நம் வகுப்பறைகளில் ஒரு சொல்லைத் திருத்துவோம். நஞ்சை நஞ்சென்றே எழுதச் சொல்வோம். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனே அதற்கு எதிராகப் பேசவும் வல்லவனாவான்.