பிளாட்பாரம் இருக்கு, பெரியவர் ஏன் ரோட்டில் நடக்கிறார்?

சென்னை—
"யோவ் பெருசு! பிளாட்பாரத்துல ஏறி நட!"
ஆட்டோக்காரர்கள் போடும் இந்தச் சத்தத்தைக் கேட்காத தெரு சென்னையில் கிடையாது. ஏறத்தான் பெரியவருக்கும் ஆசை. ஆனால் ஏற முடியவில்லை!

அரை அடிதான்!
இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வகுத்த விதிப்படி நடைபாதை 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. அதாவது அரை அடி. நடப்பதற்கு 1.8 மீட்டர் (சுமார் 6 அடி) இடம் தடையில்லாமல் வேண்டும்.

இங்கே பல தெருக்களில் மழைநீர்க் கால்வாயின் மூடிதான் பிளாட்பாரம். வீட்டுக்கு வீடு கார் போக அதைச் சரித்து விட்டிருக்கிறார்கள். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு! பத்து வீடு தாண்டுவதற்குள் முழங்கால் கெஞ்சுகிறது. மிச்ச இடத்தில் மோட்டார் சைக்கிளும், கரண்டு பெட்டியும், கடைச் சரக்கும். கடைக்காரர்களும் இதை யோசிக்க வேண்டும். வழி மறிபட்டால் வாடிக்கையும் போகும்!

சிக்னல் கணக்கு
ரோட்டைக் கடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது சிக்னலுக்குப் போடும் வழக்கமான கணக்கு. 18 மீட்டர் ரோட்டுக்கு 15 வினாடி. கைத்தடி ஊன்றி வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர் அதற்குள் 12 மீட்டர்தான் தாண்டியிருப்பார். பாக்கி 6 மீட்டரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான்!

முடியாத காரியமா?
நடப்போருக்காக மாநகராட்சி 2014-ல் தனிக் கொள்கையே வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. நல்ல நடைபாதை மக்களின் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே 14-ந் தேதி கூறியது.

பாண்டி பஜாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பெரியவர் நிம்மதியாக நடக்கலாம். ஆனால் அவர் தினமும் போவது தெருமுனை மருந்துக்கடைக்கும், கோவிலுக்கும், பாங்கிக்கும்தானே? விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வீட்டோடு முடங்குகிறார். மாத்திரை வாங்கக்கூட மகன் வரும் வரை காத்திருக்கிறார்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. வாசலுக்கு வாசல் பிளாட்பாரத்தை இறக்காமல் ஒரே மட்டமாகப் போட்டால் போதும்.

கார் ஏறி இறங்கட்டும். பெரியவர் நேராக நடக்கட்டும்!