சொட்டும் இடம் வேறு, புகும் இடம் வேறு

லாரி ஓட்டுநருக்குக் கேபின் என்பது வேலை பார்க்கும் இடம் மட்டும் அல்ல. படுக்கையறை, பூஜை மாடம், துணி அலமாரி, பணப்பெட்டி எல்லாம் அதுதான். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அவர் குடியிருக்கும் வீடு அது. ஆனால் வீட்டுக் கூரை ஒழுகினால் வருகிற கவலையில் கால்வாசிகூடக் கேபின் ஒழுகினால் யாருக்கும் வருவதில்லை. எஞ்சின் சத்தம் மாறினால் அன்றைக்கே பட்டறை. டயர் தேய்ந்தால் அடுத்த நடைக்குள் மாற்றம். கேபினில் தண்ணீர் சொட்டினால் ஒரு பழைய துணியைச் செருகிவிட்டு மும்பை வரை போய்விடலாம்.

அப்படித்தான் போகிறார்கள். சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வடக்கே போய்வரும் வண்டிகளுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையில் பிடித்துக்கொள்ளும். அதில் தப்பி ஊர் திரும்பினால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கும்.

புகுந்த தண்ணீர் இருக்கையை நனைப்பதோடு நிற்பதில்லை. தரை விரிப்புக்கு அடியில் போய்த் தங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் தகடு ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படிப் போனால் துரு தகட்டை அரித்து, ஓட்டுநரின் காலடியில் சாலை தெரியும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் ஃப்யூஸ் பெட்டியைத் தேடிப் போகும். பிறகு, மழைக்காகவே வைத்த வைப்பர் மழையில் நின்றுபோகும். எல்லாவற்றையும் விட மோசமானது, ஈரப் படுக்கையில் தூங்க முடியாத ஓட்டுநர் மறுநாள் இரவும் ஓட்டுகிறார் என்பது. எதிரில் பஸ்ஸில் வரும் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் எனக்கு இந்த விஷயத்தில் நம் பேச்சில் கலந்த ஆங்கிலத்தின் மீது ஒரு குறை உண்டு. எல்லாவற்றுக்கும் 'லீக்' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துவிடுகிறது. தமிழில் ஊறுவது வேறு, கசிவது வேறு, சொட்டுவது வேறு, ஒழுகுவது வேறு. பட்டறையில் போய் 'லீக் ஆகிறது' என்று சொன்னால் மிஸ்திரிக்கு எந்தத் துப்பும் கிடைக்காது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டுகிறது என்று சொன்னால், மேலே எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அவர் ஊகித்துவிடுவார்.

ஒழுகுதல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: நடந்துகொள்வது. ஒழுக்கம் என்ற சொல் பிறந்தது அங்கேதான். தண்ணீருக்கும் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. பள்ளத்தை நோக்கித்தான் போகும். வழியில் ஒரு விளிம்போ ஒயரோ கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு, கூரையின் அடிப்பக்கத்திலேயே ஒட்டியபடி தூரம் போய், ஒரு வளைவு வந்ததும் விழும். பிரேக் பிடித்தால் முன்னால் வரும். வண்டி சாய்வாக நின்றால் அந்தப் பக்கம் போகும். கிளீனர் உட்காரும் பக்கத்தில் சொட்டும் தண்ணீர், ஓட்டுநரின் தலைக்கு மேலே புகுந்ததாக இருக்கலாம். சொட்டும் இடத்தில் பசையைத் தடவுகிறவர்கள் தண்ணீர் வெளியேறும் வழியை அடைக்கிறார்கள். அது இன்னொரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

பழைய லாரிகளில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் கனரக லாரிகளில் பெரும்பாலானவை முழு வண்டியாக ஆலையிலிருந்து வரவில்லை. எஞ்சினும் சேஸிஸும், அதிகம் போனால் முகப்புத் தகடும் கண்ணாடியும் மட்டும் ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வரும். கேபினின் மீதியை நாமக்கல்லிலோ பஞ்சாபின் சிர்ஹிந்திலோ பாடி கட்டுகிறவர்கள் மரச்சட்டமும் தகடும் வைத்து முடிப்பார்கள். அவர்களுடைய கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலைத் தகடும் பட்டறைத் தகடும் சந்திக்கும் மூட்டு என்று ஒன்று உண்டு. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், மேடு பள்ளத்தில் சட்டம் முறுக்கும். முதலில் வாய் பிளப்பது அந்த மூட்டுதான். அது ஆலைக்கும் சொந்தமில்லை, பட்டறைக்கும் சொந்தமில்லை.

தேடும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அதற்கு முன் அது மழைத் தண்ணீர்தானா என்று பார்த்துவிட வேண்டும். வெயில் நாளிலும் தரை நனைந்தால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. ஏசி வண்டியானால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கலாம். ஹீட்டர் உள்ள வண்டியானால் கூலன்ட் கசியலாம். அதில் சாயமும் பிசுபிசுப்பும் இருக்கும்.

மழைத் தண்ணீர்தான் என்றால் விரிப்பையும் உள் கூரை அட்டையையும் கழற்றி, எல்லாவற்றையும் நன்றாகக் காயவிட வேண்டும். சந்தேகமான இடங்களில் செய்தித்தாளை ஒட்டி வைத்தால் முதல் துளி எங்கே விழுந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே ரப்பர் குழாயில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். கூரையிலிருந்து தொடங்கக் கூடாது. மேலே விட்ட தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது. கீழிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பொறுத்து மேலே ஏற வேண்டும்: கதவின் அடி, கதவு பீடிங், வைப்பர் தண்டு வெளியே வரும் துளை, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், மேல் மூலைகள், கடைசியில் கூரை. சர்வீஸ் ஸ்டேஷனின் வேகக் குழாய் இதற்கு உதவாது. எந்த மழையும் போகாத இடத்தில் அது தண்ணீரைப் புகுத்தும்.

நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகும் வண்டிகளும் உண்டு. வேகத்தில் மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து மோதுகிறது. கண்ணாடியில் பட்டு மேல்நோக்கியும் ஏறுகிறது. அப்படிப்பட்ட வண்டிக்குக் குழாயையும் முன்னாலிருந்து, சற்றுக் கீழிருந்து மேலாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் செத்துவிட்டது. கேரியர், ஹார்ன், அலங்கார விளக்கு என்று கூரையில் போட்ட ஒவ்வொரு துளையும் சந்தேகத்துக்கு உரியதே. இரவில் உள்ளே பல்பைப் போட்டு வெளியே நின்று பார்த்தால் சில துளைகள் நட்சத்திரம் போலத் தெரியும்.

கண்டுபிடித்த பிறகு அவசரம் கூடாது. கையில் கிடைத்த சிலிக்கான் பசையைத் துருவின் மேல் தடவினால் அது துருவைத்தான் பிடித்துக்கொள்ளும், தகட்டை அல்ல. துரு உதிரும்போது பசையும் கூடவே வரும். வினிகர் வாசம் அடிக்கும் மலிவான சிலிக்கான், துருவை வளர்க்கவும் செய்யும். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது. கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்றால் கண்ணாடியைக் கழற்றி, அது உட்காரும் விளிம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் காய்ந்த பிறகு புது ரப்பர் போட வேண்டும். தகட்டு மூட்டுகளுக்குச் சுத்தம் செய்த பின் பாலியூரிதேன் சீலண்ட். கூரைத் துளைகளில் தேவையில்லாதவற்றுக்குத் தகடு வைத்து வெல்டிங்.

கதவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது குற்றம் அல்ல. அது இறங்கித்தான் தீரும். கதவின் அடியில் அது வெளியேற விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைபடுவதுதான் குற்றம். எத்தனையோ வண்டிகளில் ஒரு கம்பியால் குத்திவிட்டால் தீர்ந்துபோகும் தொல்லையை, அந்தத் துளைகளையும் சேர்த்துப் பசை பூசி நிரந்தரமாக்கியிருக்கிறார்கள்.

ஆக, இது கடினமான வித்தை அல்ல. கேட்பது ஒரு நாள் பொறுமை. வண்டி ஓடாத ஒரு நாள் என்பது உரிமையாளருக்கு வாடகை நஷ்டம். நனைவது ஓட்டுநர், செலவு செய்ய வேண்டியவர் உரிமையாளர். இந்த இடைவெளியில்தான் தண்ணீர் புகுந்து விளையாடுகிறது.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. நல்ல விதி. அது புது வண்டிகளுக்கு. அதற்கு முன் வந்து சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை அது தொடாது. அவற்றில் படுத்து எழுகிறவர்களுக்கு ஏசி வேண்டாம், காய்ந்த படுக்கை கிடைத்தால் போதும். பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டுகிறார்கள், பேப்பரைப் புரட்டுகிறார்கள். தரை விரிப்பை ஒரு தடவை தூக்கிப் பார்த்தால், இத்தனை நாள் அதில் ஓட்டியவர் எப்படித் தூங்கினார் என்பதும் தெரிந்துவிடும்.