கருணை யாருக்கு?

கோர்ட் விதித்த தண்டனையை நிறுத்தி வைக்கவும் குறைக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அரசியல் சட்டத்தின் 72-வது ஷரத்து ஜனாதிபதிக்கும் 161-வது ஷரத்து கவர்னருக்கும் இதைத் தருகிறது. மந்திரிசபையின் ஆலோசனைப்படியே அவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டும். இது போக, கிரிமினல் நடைமுறைச் சட்டமும் மாநில சர்க்காருக்கு நேரடி அதிகாரம் தந்திருக்கிறது. பழைய சட்டத்தில் அது 432-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 473-வது பிரிவு.

இந்த அதிகாரம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கோர்ட்டும் தவறு செய்யும். ஜெயிலில் உழைத்து, திருந்தி, நரை தட்டிப்போன மனிதனுக்கு ஒரு நாள் கதவு திறக்கத்தான் வேண்டும். ஆனால் கதவு யாருக்குத் திறக்கிறது? இதுதான் நம் கேள்வி.

1960 மார்ச் 11 அன்று கடற்படை கமாண்டர் நானாவதிக்குக் கொலைக் குற்றத்திற்காக பம்பாய் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது. அன்றைய தினமே கவர்னர் அதை நிறுத்தி வைத்தார்! கமாண்டர் ஜெயிலுக்குப் போகாமல் கடற்படைக் காவலில் இருந்தார். அப்பீல் சுப்ரீம் கோர்ட்டின் முன் இருக்கும்போது கவர்னர் உத்தரவு செல்லாது என்று அந்தக் கோர்ட்டே சொல்ல வேண்டியிருந்தது. 1961-ல் தண்டனை உறுதியானது. 1964-ல் மன்னிப்பு வந்தது. ஒரு கூலிக்காரனுக்காக எந்தக் கவர்னராவது தீர்ப்பு வந்த நாளிலேயே பேனாவை எடுத்ததுண்டா?

நம் மதுரை ஜில்லாவுக்கே வருவோம். மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். ஆதிக்க சாதியார் பொறுப்பார்களா? 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008-ல் அண்ணா நூற்றாண்டென்று மூவர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டென்று 13 பேர் வெளியே வந்தார்கள். தலைவர்களின் பிறந்தநாளுக்கும் அந்த ஆறு பிணங்களுக்கும் என்ன சம்பந்தம்? முருகேசன் வீட்டாரின் பயத்திற்கு யார் பதில் சொல்வது?

கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் 14 வருஷமாவது ஜெயிலில் இருக்க வேண்டும் என்று 1978-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் 161-வது ஷரத்தை அது கட்டுப்படுத்தாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. மந்திரிசபை மனம் வைத்தால் அந்த வேலியையும் தாண்டலாம்.

குஜராத்தைப் பாருங்கள். 2002 கலவரத்தில் கர்ப்பிணியான பில்கிஸ் பானுவைப் பலர் சேர்ந்து சீரழித்தார்கள். அவருடைய மூன்று வயது மகள் உட்பட குடும்பத்தாரைக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரையும் 2022 ஆகஸ்ட் 15-ல், சுதந்திர தினத்தன்று, குஜராத் சர்க்கார் விடுதலை செய்தது. வெளியே வந்தவர்களுக்கு மாலை மரியாதை! விசாரணை நடந்தது பம்பாயில். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் மகாராஷ்டிர சர்க்காருக்கே. குஜராத்துக்கு அது கிடையாது என்று 2024 ஜனவரி 8-ல் சுப்ரீம் கோர்ட் விடுதலையை ரத்து செய்தது. 11 பேரும் மறுபடி ஜெயிலுக்குப் போனார்கள். அந்தப் பெண் அஞ்சாமல் கோர்ட் படி ஏறினார். மற்றவர்களும் துணைக்கு வந்து வழக்குப் போட்டார்கள். இல்லாவிட்டால் அநியாயம் நிலைத்திருக்கும்.

இன்னொரு பக்கம், மனு எழுதித் தர ஆளில்லாமல், வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கிடக்கும் ஏழைக் கைதிகள். விதிப்படி தகுதி வந்த கைதியை, அவர் மனுப் போடாவிட்டாலும், சர்க்காரே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவு காகிதத்தில் தூங்கினால் கைதிக்கு என்ன லாபம்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். யாரை, ஏன் விடுகிறோம் என்று சர்க்கார் எழுத்தில் காரணம் சொல்லட்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் கேட்கட்டும். சாதி வெறியிலும் மத வெறியிலும் கொலை செய்தவர்களை விழாக்கால விடுதலைப் பட்டியலில் சேர்க்காதிருக்கட்டும். ஆதரவற்ற கைதியின் பெயரைச் சர்க்காரே தேடி எடுக்கட்டும்.

கருணை என்பது ஆளவந்தார் வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் இனாம் அல்ல. அது மக்களின் பெயரால் வழங்கப்படுவது. மக்கள்தான் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்.